கல்திருப்பி வந்த அமாவாசை

எனக்குப் பறவைகள் மேல் பெரிய பிரியம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கழுத்தில் பைனாகுலர் தொங்கும் ஆளைக் கண்டால் சனங்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். போன ஐப்பசியில் தூறலுக்குக் குடை பிடித்தபடி சேதுக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். திருப்புல்லாணிக் கோயிலுக்கு வந்துவிட்டு அப்படியே கடலையும் பார்த்துப் போக வந்த ஒருவர், "சாருக்கு இயற்கைன்னா உசுரோ?" என்று கேட்டார். "மருந்துக்கடை வச்சிருக்கேன்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

ராமநாதபுரத்தில் எனக்கு ஒரு சின்ன மருந்துக்கடை. ஞாயிற்றுக்கிழமை கடையை வேலைக்கிருக்கும் பெண்ணிடம் விட்டுவிட்டு இந்தக் கரைக்கு வருகிறேன். நான் தேடுவது ஒரே ஒரு பறவையை. கல்திருப்பி உள்ளான் என்று பெயர். காடையைவிடக் கொஞ்சம் பெரிது, கௌதாரியைவிடச் சின்னது. முதுகு காய்ந்த சேற்று நிறம், வயிறு வெள்ளை, நெஞ்சில் கரியைத் தடவிய மாதிரி ஒரு பட்டை. குட்டைக் கால்கள் மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு. அலை ஒதுக்கிப்போட்ட பாசியையும் சிப்பியையும் சின்னக் கல்லையும் அலகால் நெம்பிப் புரட்டிவிட்டு அடியில் இருக்கும் பூச்சியைத் தின்னும். வடக்கே எங்கோ பனிக்காட்டில் குஞ்சு பொரித்துவிட்டு ஆவணி, புரட்டாசியில் நம் கரைக்கு வரும். சித்திரை வெயில் ஏறியதும் திரும்பிப் போய்விடும்.

அது வந்துவிட்டதா என்று பார்த்து அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அவள் ஊரிலிருந்து போன் பண்ணுவாள். சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், ஒன்றும் கிடையாது. "வந்துருச்சாடா?" என்பாள். வரவில்லை என்றால் போனை வைத்துவிடுவாள்.

அந்தப் பறவைதான் செத்துப்போன என் தம்பி என்று அம்மா நம்புகிறாள் என நான் எழுதினால் அது சரியாக இருக்காது. அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவன் தன்மேல் கோபத்தோடு போனானா, இல்லையா. இதைப் போய் யாரிடம் கேட்பது? கேட்கிற இடத்தில் அவன் இல்லை.

எங்கள் ஊர் நயினார்கோவில் பக்கம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். வானத்தைப் பார்த்து விதைக்கிற நெல், மேட்டில் மிளகாய். எங்கள் ஊரில் பறவை என்றால் திருடன் என்று அர்த்தம். மார்கழியில் கதிர் பால் பிடித்ததும் சில்லைக் குருவிகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். இப்போது மயில் வேறு பெருத்துப்போய்விட்டது. தின்பதைவிட அது மிதித்துச் சாய்ப்பதுதான் அதிகம். அய்யா போன பிறகு அம்மாதான் வயல் முழுக்கவும் பார்த்தாள். பழைய கேசட் நாடாவை வரப்புக்கு வரப்பு இழுத்துக் கட்டுவாள். காற்றடித்தால் அது இரைந்துகொண்டே இருக்கும். அதற்கும் பழகிப்போன குருவிகளுக்குத் தகரம். தகரத்துக்கும் அசையாதவற்றுக்கு அம்மாவின் கை.

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்ணாங்கட்டியை எடுத்து அவள் வீசினால், கட்டி விழுகிற இடத்திலிருந்து நாலு பக்கமும் குருவி தெறித்துக் கிளம்பும். "ஹோய்ய்... சோ, சோ" என்று குரல் முன்னால் போகும், கை பின்னாலேயே போகும். ஒருமுறை ராமநாதபுரத்தில் என் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் புறா இறக்கையடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோற்றுக் கை தானாக மேலே போய் "சோ" என்றுவிட்டது. சாதம் சுவரெல்லாம் தெறித்தது. தம்பி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனான். "அண்ணே, அம்மாவ விமான நிலையத்துல வேலைக்கு விட்டா ஒரு காக்கா அண்டாதுண்ணே," என்றான். அம்மாவும்தான் சிரித்தாள்.

தம்பி ராமேஸ்வரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டினான். சாமி கும்பிட வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடி வரை போய்வருகிற சவாரி. ஒரு பனிக்காலத்தில் பறவை பார்க்கிற கோஷ்டி ஒன்று அவன் வேனை நாள் வாடகைக்கு எடுத்தது. ஆளுக்கொரு பீரங்கி மாதிரி கேமரா, காக்கி டவுசர், தொப்பி. எனக்கு அந்தக் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. ஒரு பறவையைப் பார்த்தாலும் அதைப் பத்துப் பேருக்குக் காட்டாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. ஆனால் அவர்களில் யாரோ ஒருவர் இவனை ஒரு தடவை கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டிருக்கிறார். உப்புத் தண்ணீரில் பூநாரைகள் வரிசையாக நின்றிருக்கின்றன. அன்றைக்கு விழுந்தவன்தான். கொஞ்ச நாளில் யாரிடமோ பழைய பைனாகுலர் ஒன்றை வாங்கிவிட்டான். சவாரி இல்லாத நாளில் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குப் போவான், வாலிநோக்கம் போவான், சேதுக்கரையில் மணிக்கணக்கில் நிற்பான்.

எல்லாரும் பூநாரை பூநாரை என்று பறந்தார்கள். இவனுக்கு மட்டும் இந்தக் கல்திருப்பியைப் பிடித்துப்போனது. ஒருநாள் அடுப்படியில் அம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து போனில் படம் ஓடவிட்டுக் காட்டினான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"பாரும்மா, ஒன்னய மாதிரியே களையெடுக்குது. கல்லப் பொரட்டிப் பொரட்டிப் பாக்குது."

அம்மா அரைக்கண்ணால் பார்த்தாள். "காடையப் படம் பிடிச்சுக் கொண்டாந்து காட்டுறான். ஏலே, இது நெல்லுத் திங்குமா?"

"திங்காதும்மா. பூச்சி புழுதான்."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்."

எங்கள் வீட்டில் ஒரு பறவைக்கு அம்மா கொடுத்த ஒரே அனுமதி அதுதான். தம்பி அதைப் பலநாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் சாவதற்கு முந்தைய வாரம்தான் சண்டை வந்தது. கதிர் முற்றுகிற நேரம். அம்மாவுக்குக் காய்ச்சல். "ரெண்டு நாளைக்கு வயல மட்டும் பாத்துக்கப்பு," என்றாள். சரி என்று சொன்னவன் மறுநாள் விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டான். ஏதோ புதுப் பறவை வந்திருப்பதாக எவனோ போன் பண்ணியிருக்கிறான். உச்சிப்பொழுதுக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்திருப்பான். அதற்குள் பள்ளத்து வயலில் குருவியும் மயிலும் சேர்ந்து புகுந்துவிட்டன. காய்ச்சலோடு எழுந்து போன அம்மா பார்த்தது சாய்ந்து கிடந்த தாளையும் மணியில்லாத கருக்காயையும்தான்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வரப்பில் நின்று, "ஊரான் பறவையப் பாக்கப் போனவன், வீட்டுப் பயிரப் பறவைக்குக் குடுத்துட்டுப் போயிட்டான்," என்று மட்டும் சொன்னாளாம். அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

எங்கள் அம்மா பேசாமல் இருப்பதற்கென்று ஒரு முறை உண்டு. சோறு போடுவாள், துணி துவைப்பாள், தண்ணீர் காயவைத்துக் கொடுப்பாள். பேச வேண்டியதை எல்லாம் கோழியிடம் பேசுவாள். "சோறு ஆறுது, திங்கச் சொல்லு," என்று கோழியைப் பார்த்துச் சொல்வாள். அய்யா இருந்த காலத்தில் அவருக்கும் இதே வைத்தியம்தான். அவர் பதிலுக்குக் கோழியிடமே, "வாரேன்னு சொல்லு," என்பார். அய்யாவுக்கும் கோழிக்கும் நடந்த பேச்சில் என் கல்யாணம்கூட முடிவாகியிருக்கிறது. நாலைந்து நாளில் கோபம் தானாகக் கரைந்துவிடும். அதனால் தம்பி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும்.

கடைசி நாள் காலையில் பைக்கைக் கிளப்பிவிட்டு, "அம்மா, போயிட்டு வாரேன்," என்றிருக்கிறான். எப்போதும் "பாத்துப் போயா" என்பாள். அன்று மடியில் தவிட்டோடு உட்கார்ந்திருந்தவள் கோழியைப் பார்த்து, "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்," என்றாள்.

சாயங்காலம் கடற்கரையிலிருந்து திரும்புகிற வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலை வளைவில், ஒரு லாரி. பெரியாஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் பையை என்னிடம் கொடுத்தார்கள். பைனாகுலரில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அங்கேயே தரையில் அடித்து உடைத்திருப்பேன். கை வரவில்லை.

பதினாறாம் நாள் கண்மாய்க் கரையில் காரியம். எங்கள் பக்கத்தில் இலையில் சோறு வைத்துவிட்டு எல்லாரும் தள்ளி நிற்பார்கள். காக்கா வந்து எடுத்தால்தான் போனவனுக்கு மனசில் குறை இல்லை என்று அர்த்தம். எடுத்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் வாயில் பச்சைத் தண்ணீர் படும். அன்றைக்குக் காக்கா கருவேல மரத்தில் உட்கார்ந்திருந்தது. இலையைப் பார்த்தது. எங்களையும் பார்த்தது. இறங்கவில்லை. சித்தப்பா கைகூப்பி மரத்தைப் பார்த்துப் பேசினார்: "என்ன கொறையா இருந்தாலும் மனசுல வச்சுக்கிறாத அப்பு. ஒங்கம்மாவ நாங்க பாத்துக்கிறோம். வந்து எடுத்துக்க." காக்கா பறந்து போய்விட்டது. வெயில் சாய்கிற வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். அங்கே நின்றவர்களில் குறை இன்னதென்று தெரிந்தவள் அம்மா மட்டும்தான். கோழியிடம் சொன்ன அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள்.

அதற்கப்புறம் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மா ராத்திரியில் தூங்குவதில்லை என்று பக்கத்து வீட்டு மதினி போன் பண்ணியிருந்தாள். மாத்திரை கொடுத்தேன், முழுங்கவில்லை. ஒரு காக்கா வந்து நாலு பருக்கை தின்றால் இவள் தூங்குவாள் என்றால், தின்றுவிட்டுப் போகட்டுமே என்றுதான் இருந்தது. ஆனால் ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரத்துக் காக்கா சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடற்கரை முழுக்க இலை. ஒவ்வொரு இலையிலும் சோறு. காக்கைகள் தின்று தின்று மதில்மேல் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. எங்கள் இலைப் பக்கம் ஒன்றும் வரவில்லை.

"வயிறு நெறஞ்ச காக்காம்மா. அதுக்குத் தெரியுமா யாரு சோறுன்னு," என்றேன்.

"மத்தவுக சோத்த எடுத்துச்சுல்ல," என்றாள் அம்மா.

வருசம் திரும்பியது. தை அமாவாசைக்குச் சேதுக்கரைக்கே போவோம், அங்கே கூட்டம் குறைவு, அவன் நின்ற இடமும்கூட என்று நான்தான் சொன்னேன். காலையில் கடலில் முழுகி, ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் விட்டேன். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றில் எள் கலந்து, வாழைக்காய்ப் பொரியலும் வைத்து, ஆஞ்சநேயர் கோயிலைத் தாண்டி ஆளில்லாத இடமாகப் பார்த்து மணல் மேட்டில் இலையை விரித்தாள். கரையெல்லாம் சனங்கள் கழற்றிப் போட்டுவிட்டுப் போன வேட்டியும் சேலையும் அலையில் புரண்டு கிடந்தன. ஈரத்துணியோடு நாங்கள் இரண்டு பேரும் தள்ளிப் போய் நின்றோம்.

இரண்டு காக்கைகள் வந்தன. ஒன்று இலைக்குப் பக்கத்திலேயே இறங்கிவிட்டது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. ஒரு எட்டு வைத்தது. அம்மா மூச்சுவிடவில்லை. எடுத்துக்க, எடுத்துக்க என்று நானும் மனசுக்குள் சொன்னதை மறைப்பானேன்.

அந்த நேரத்தில்தான் அலை ஓரமாக அந்தச் சின்னப் பறவை ஓடி வந்தது. பாசியை ஒரு புரட்டு, ஓட்டம், இன்னொரு புரட்டு. நேராக மேட்டில் ஏறி இலைக்கு வந்துவிட்டது. காக்கா ஒரு அடி பின்வாங்கியது. இது இலை ஓரத்தில் நின்று ஒரு பருக்கையைக் கொத்தியது. இன்னொன்றையும் கொத்தியது.

"ஹோய்ய்... சோ, சோ, சோ."

கடற்கரையே திரும்பிப் பார்த்தது. அம்மாவின் கை மேலே போய், ஈர மணலை அள்ளி வீசி, அது இலைமேலேயே போய் விழுந்துவிட்டது. பறவை விசுக்கென்று கிளம்பியது. முதுகில் வெள்ளைக் கோடுகள் பளிச்சிட்டன. காக்கைகள் இரண்டும் கரைந்துகொண்டே கோயில் பக்கம் போய்விட்டன. அம்மா தூக்கிய கையை இறக்கவில்லை. மகன் சோற்றைத் திங்க வந்த ஒரு குருவியை விரட்டிவிட்டோம் என்றுதான் அந்த நொடியில் நினைத்திருப்பாள்.

பறவை ரொம்பத் தூரம் போகவில்லை. கொஞ்சம் தள்ளி ஈரத்தில் இறங்கி, ஒன்றும் நடக்காத மாதிரி, ஒரு சிப்பியின் அடியில் அலகை விட்டு நெம்பிப் புரட்டியது.

அம்மா அதைப் பார்த்தாள். கை மெதுவாகக் கீழே வந்தது.

"ஏலே," என்றாள். "அந்தா அங்கன பாரு. கல்லப் பொரட்டுது."

பார்த்தேன்.

"இது அவன் காட்டுனதுல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். காடை என்றோ, வேறு ஏதோ உள்ளான் என்றோ சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது பறவைகளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, என்ன சொன்னாலும் செல்லும். ஆனால் தம்பியின் போனை நான்தான் வைத்திருந்தேன். அதைத் திறந்தால் முதலில் வருகிற படமே இதுதான். அம்மாவும் அதைப் பார்த்திருக்கிறாள்.

"ஆமா," என்றேன்.

"நெல்லுத் திங்காதுன்னானே."

அவன் சொன்னது தப்பு. அது கிடைத்ததைத் தின்கிற பறவை, சோறும் தின்னும். இதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வலது கையை மடியில் போட்டு, யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயால பேசாம இருந்தேன். இப்பக் கையால வெரட்டிட்டேன்," என்றாள்.

அழுதாள் என்று எழுத ஆசைதான். அழவில்லை. மணல் விழுந்த சோற்றை நான் இலையோடு சுருட்டிக் கடலில் விட்டேன்.

அடுத்த மார்கழியில் அம்மா வயலுக்குத் தகரம் கொண்டுபோகவில்லை. போய் உட்காருவாள், அவ்வளவுதான். குருவி இறங்கும், தின்னும், எழும்பும். பார்த்துக்கொண்டே இருப்பாள். பக்கத்து வயல்காரிகள் சும்மா இருப்பார்களா? "ஒன் வயல்ல தின்னு ருசி கண்டுட்டு எங்க வயலுக்கு வருதே, ஒனக்கு என்ன வந்துச்சு?" என்று சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் அவர்களே எங்கள் வயலுக்கும் சேர்த்து விரட்டினார்கள். நான் ஊருக்குப் போனபோது ஒருநாள் ஆத்திரத்தில் கட்டியை எடுத்தேன். "விடுடா," என்றாள். "எது எதுன்னு யாருக்குத் தெரியும்?" கட்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

அந்தத் தை அமாவாசைக்குப் பிறகுதான் நான் பைனாகுலரை எடுத்தேன். வயலை விட்டுவிட்டு ஓடுகிற அளவுக்கு அப்படி என்னத்தைப் பார்த்தான் என்கிற கோபம்தான் முதலில். கண்ணில் வைத்தால் ஒரு பக்கம் தெளிவு, ஒரு பக்கம் மங்கல். வலது கண்ணுக்கென்று அதில் தனியாக ஒரு வளையம் இருக்கிறது, அதை அவனவன் பார்வைக்குத் தகுந்தபடி திருகி வைக்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது. அது அவன் கண்ணுக்கு வைத்தபடி இருக்கிறது. நான் திருகவில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன்.

பார்க்கப் பார்க்கப் பிரியம் வந்துவிடும் என்பார்கள். எனக்கு வரவில்லை. அதுகள் பாட்டுக்கு வருகின்றன, தின்கின்றன, போகின்றன. நம்மைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சித்திரையில் கரை காலியான பிறகும் இரண்டொரு ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போவேன். போனதெல்லாம் திரும்பி வருமா என்று அம்மா ஒருதரம் கேட்டாள். வழியிலேயே செத்துப்போவதும் உண்டு என்று நான் சொல்லவில்லை. வரும் என்றேன்.

போன வருசம் புரட்டாசி போய்விட்டது, சேதுக்கரைக்கு ஒன்றும் வரவில்லை. ஐப்பசியிலும் இல்லை. தூறலில் குடையோடு நின்றது அப்போதுதான். தனுஷ்கோடிக்குப் போனேன். அங்கே பாறைமேல் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. சந்தோசமாக அங்கிருந்தே போன் பண்ணினேன். "இங்கன நெறைய இருக்கும்மா."

"நம்ம எடத்துக்கு வந்துருச்சா?"

"இல்லம்மா, தனுஷ்கோடியில..."

"அப்ப வரட்டும்," என்று வைத்துவிட்டாள்.

கார்த்திகை முழுக்கப் புயலும் மழையும். மார்கழிக் கடைசியில், கோயிலுக்கு மேற்கே, நாய்கள் துரத்தி எழுப்பிய உள்ளான் கூட்டத்தோடு ஒன்று போனது. முதுகில் அந்த வெள்ளைக் கோடுகள். ஒற்றைக் கண்ணில் பார்த்தாலும் எனக்குத் தப்பாது. அம்மாவுக்குச் சொன்னேன். போனில் வீட்டுக் கோழி கொக்கரிப்பது மட்டும் கேட்டது. "சரி," என்றாள் பிறகு.

இந்தத் தை அமாவாசைக்கு மறுபடியும் போனோம். அதே மேடு, அதே மாதிரி இலை, எள்ளுச் சோறு. இந்த முறை அம்மா நிற்கவில்லை. தள்ளிப்போய் மணலில் உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து வலது கையைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். கட்டிய கையின் மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என்னம்மா இது என்று கேட்க வாயெடுத்தேன். அப்புறம் எனக்கே விளங்கிவிட்டது. அந்தக் கைமேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

காக்கா வந்தது. யோசிக்கவே இல்லை. நேராக இலையில் இறங்கிச் சோற்றில் வாயை வைத்தது. பின்னால் இன்னொன்று, அப்புறம் நாலைந்து. பொரியலை ஒன்று கொத்திக்கொண்டு போனது. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துத் தின்றன. காலையில் எங்களோடு உட்கார்ந்து திதி கொடுத்த ஒரு அம்மாள், "எடுத்துருச்சு தாயி. ஒம்புள்ள மனசு குளுந்துட்டான்," என்று கும்பிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம்பிக்கை இல்லாதவனுக்கு ஏன் வர வேண்டும், தெரியவில்லை. இதற்காகத்தானே இத்தனை நாள்.

"அம்மா, காக்கா எடுத்துருச்சும்மா," என்றேன்.

அம்மா இலைப் பக்கம் திரும்பவே இல்லை. அலை வந்து போகிற ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பாசியும் சிப்பியும் போட்டது போட்டபடி கிடந்தன.

"பசிச்ச காக்காடா," என்றாள். "திங்கட்டும்."

"போவமா?"

"இன்னுஞ் செத்த இருப்போம்."

வெயில் ஏறி, மணல் சுட ஆரம்பித்து, சனமெல்லாம் கலைந்து போகும்வரை இருந்தோம். அது வரவில்லை. ரோட்டுக்கு நடந்து வரும்போதும் அவள் கட்டை அவிழ்க்கவில்லை. பஸ் வந்து நின்றது. ஏறுவதற்குக் கம்பியைப் பிடிக்க வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. நான்தான் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, முந்தானையை அவிழ்த்து, அந்தக் கையை எடுத்துக் கம்பியில் வைத்தேன்.